டிவி சிமிட்டல்: பழியெல்லாம் 50 ஹெர்ட்ஸ் மேல் மட்டும் இல்லை

டிவி சிமிட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது நான்கு வெவ்வேறு கோளாறுகளில் எதுவாகவும் இருக்கலாம். திரை முழுக்க வெளிச்சம் துடிப்பது ஒன்று. மெல்லிய படுக்கைக் கோடுகள் மட்டும் நடுங்குவது இன்னொன்று. கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் படம் விக்கிவிக்கி நகர்வது மூன்றாவது. கண்ணுக்கு எதுவும் தெரியாமல், செல்போனில் படம் பிடித்தால் மட்டும் பட்டை பட்டையாக ஓடுவது நான்காவது. நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஆனால் எல்லாரும் கைகாட்டுவது ஒரே திசையில்தான்: "அது 50 ஹெர்ட்ஸ், அப்படித்தான் இருக்கும்." இல்லாவிட்டால், "இது பால் டிவி, அது என்டிஎஸ்சி." (இந்தப் பால் ஒரு வண்ண முறையின் சுருக்கப் பெயர். காய்ச்ச முடியாது.)

பால், என்டிஎஸ்சி, சீக்காம் மூன்றும் வண்ணத்தைச் சிக்னலில் ஏற்றும் முறைகள். 50, 60 என்பவை வினாடிக்கு எத்தனை முறை படம் வருகிறது என்ற கணக்கு. சிமிட்டலோ திரை எப்படி ஒளிர்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

டியூப் எப்படிச் சிமிட்டியது

பிக்சர் டியூபில் எந்தக் கணத்திலும் முழுப் படம் இருப்பதே இல்லை. எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாக வரைந்துகொண்டே போகும். அது தொட்ட இடத்தில் பாஸ்பர் (திரையின் உட்புறம் பூசிய ஒளிரும் பொருள்) பளிச்சென்று ஒளிர்ந்து, உடனே அணையத் தொடங்கும். பச்சை, நீலப் பாஸ்பர்களின் வெளிச்சத்தில் பெரும்பகுதி ஒரு மில்லிவினாடிக்குள் போய்விடும்; சிவப்பு கொஞ்சம் மெதுவாக அணையும். 50 ஹெர்ட்ஸ் முறையில் கற்றை அதே இடத்துக்குத் திரும்பிவர 20 மில்லிவினாடி ஆகிறது. ஆக, ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலான நேரம் இருட்டில்தான் கிடக்கிறது. அதிவேக கேமராவில் பார்த்தால் ஒரு மெல்லிய ஒளிப்பட்டை கீழே இறங்குவது மட்டும்தான் தெரியும். அதை முழுப் படமாகச் சேர்த்துக்கொள்வது நம் கண்.

அந்தச் சேர்க்கைக்கு ஓர் எல்லை உண்டு. வெளிச்சம் கூடக்கூட, துடிப்பு தெரியாமல் மறையத் தேவையான வேகமும் ஏறும். வெளிச்சத்தின் மடக்கைக்கு ஏற்ப ஏறும் என்பது ஃபெர்ரி-போர்ட்டர் விதி. மங்கலான டிவியில் தெரியாத சிமிட்டல் பிரைட்னஸைக் கூட்டியதும் தெரிவது இதனால்தான். இன்னொன்று, துடிப்பை உணர்வதில் நடுக்கண்ணைவிட ஓரக்கண் கெட்டி. 50 ஹெர்ட்ஸ் டியூபை நேராகப் பார்த்தால் சும்மா இருக்கும். தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால் படபடவென்று அடிக்கும்.

கம்ப்யூட்டர் மானிட்டருக்கு 75, 85 ஹெர்ட்ஸ் தேவைப்பட்டதும், டிவி 50-லேயே ஓட்டிவிட்டதும் இந்த இரண்டு காரணங்களால்தான். மானிட்டரில் வெள்ளைப் பின்னணி, அரை மீட்டர் தூரம். திரை ஓரக்கண் வரை நிரம்பி நிற்கும். டிவியில் படம் சராசரியாக இருட்டு, தூரம் அதிகம். ஃபிலிம் ஓடிய தியேட்டர் இன்னும் சுவாரசியம். வினாடிக்கு 24 ஃபிரேம்தான், ஆனால் புரொஜெக்டர் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டும். மூன்று இதழ் ஷட்டர் என்றால் மூன்று முறை. கண்ணுக்குக் கிடைப்பது 48 அல்லது 72 துடிப்பு. தியேட்டர் திரையின் வெளிச்சம் குறைவு என்பதால் 48 கூடத் தாங்கும். அதே 48-ஐ டிவியின் வெளிச்சத்தில் காட்டினால் தலை வலிக்கும்.

பழைய டியூப் டிவியை இன்றும் வைத்திருப்பவர்களுக்கு: பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் இறக்குங்கள், இன்னும் ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள், டிவிக்குப் பின்னால் மெல்லிய விளக்கு ஒன்று வையுங்கள். வேறு வைத்தியம் கிடையாது.

மெல்லிய கோடு மட்டும் ஏன் நடுங்குகிறது

இது இண்டர்லேஸ் செய்யும் வேலை. 625 வரிகளையும் வினாடிக்கு 50 முறை முழுதாக அனுப்ப இரட்டிப்பு அலைவரிசை அகலம் வேண்டும். அதனால் ஒருமுறை ஒற்றை வரிகள், அடுத்த முறை இரட்டை வரிகள் என்று பாதி பாதியாக அனுப்பினார்கள். ஒவ்வொரு பாதியும் ஒரு ஃபீல்டு, 312.5 வரி; இரண்டு ஃபீல்டு சேர்ந்தால் ஒரு ஃபிரேம். அந்த அரை வரிதான் சூட்சுமம்: இரண்டாவது ஃபீல்டு தானாகவே அரை வரி நகர்ந்து, முதல் ஃபீல்டின் இடைவெளிகளில் போய் உட்காரும். 405, 525, 625, 819 என்று பழைய முறைகளின் வரி எண்ணிக்கை எல்லாமே ஒற்றைப்படையாக இருப்பது இதனால்தான். அவற்றைக் காரணிப்படுத்திப் பாருங்கள்: 525 என்பது 3×5×5×7, 625 என்பது 5×5×5×5. வால்வு காலத்து அதிர்வெண் வகுக்கும் சுற்றுகள் சின்ன எண்களால் வகுத்தால்தான் நம்பகமாக வேலை செய்யும். பெரிய எண்ணைப் படிப்படியாக வகுத்து இறக்கினார்கள்.

திரை முழுக்கப் பரவிய வெளிச்சம் வினாடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் ஒரே ஒரு வரி கனமுள்ள படுக்கைக் கோடு ஏதாவது ஒரு ஃபீல்டில் மட்டும்தான் இருக்கும். அது துடிப்பது 25 முறை. அதனால்தான் கோடு போட்ட சட்டை, கால்பந்து மைதானத்தின் தூரத்து வெள்ளைக் கோடு, எழுத்துகளின் மெல்லிய படுக்கைக் கீற்று எல்லாம் நடுங்கின. எழுத்து போடுகிறவர்களின் விதி எளிது: எந்தப் படுக்கைக் கோடும் இரண்டு வரிக் கனத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் மேலும் கீழும் லேசாக மங்கலாக்கிவிடு.

பழைய வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலாக்குகிறவர்களை இதே இண்டர்லேஸ் இன்றும் படுத்துகிறது. நகர்கிற பொருள் எல்லாம் முன்னும் பின்னுமாக உதறினால், நின்றவை மட்டும் சுத்தமாக இருந்தால், ஃபீல்டு வரிசை தலைகீழ் என்று அர்த்தம். டிவி என்ற கேசட் வடிவத்தில் (டேப்பில் பதியும் டிஜிட்டல் வீடியோ, பெட்டியைச் சொல்லவில்லை) கீழ் ஃபீல்டு முதலில் வரும். 1080ஐ-யில் (இண்டர்லேஸ் ஹெச்டி) மேல் ஃபீல்டு முதலில். எடிட்டிங் மென்பொருளில் அந்த ஒரு அமைப்பை மாற்றினால் உதறல் நின்றுவிடும். அதை விட்டுவிட்டு ஸ்டெபிலைசரை ஓட்டுவது வீண்.

50, 60 எங்கிருந்து வந்தன

மின்சாரத்திலிருந்து. ஆரம்பகாலப் பெட்டிகளின் பவர் சப்ளையில் வடிகட்டல் சுமார்தான். மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் படத்தில் ஒரு இருண்ட படுக்கைப் பட்டையாகத் தெரியும். ஃபீல்டு வேகமும் மின்சார வேகமும் ஒன்றாக இருந்தால் பட்டை நின்ற இடத்திலேயே நிற்கும், கண் அதை மறந்துவிடும். வேறாக இருந்தால் பட்டை மேலும் கீழும் ஊர்ந்து எரிச்சலூட்டும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் 60 ஃபீல்டு, 50 உள்ள ஐரோப்பாவில் 50 ஃபீல்டு என்று அமைந்தது அதனால்தான். இது கட்டாயம் இல்லை என்பதற்குச் சாட்சி ஜப்பான்: கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், மேற்கில் 60, டிவி மட்டும் நாடு முழுக்க 60.

இரண்டு முறைகளில் எது உசத்தி என்ற சண்டை ஓயவே ஓயாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிரிப்புதான் வரும். 525 வரி, வினாடிக்கு சுமார் 30 ஃபிரேம்: வினாடிக்கு 15,734 வரி. 625 வரி, 25 ஃபிரேம்: 15,625 வரி. வித்தியாசம் நூற்றுக்கு 0.7. டிவிடி காலத்துக்கு வந்தால், 720×480×30 என்றாலும் 720×576×25 என்றாலும் வினாடிக்கு சரியாக 1,03,68,000 புள்ளி. ஒரே பட்ஜெட். ஒருவர் அதை நேரத்தில் செலவழித்தார், மற்றவர் வரிகளில். 60-ல் அசைவு வழுவழுப்பு, சிமிட்டல் குறைவு. 50-ல் படம் கூடுதல் நுணுக்கம். என் ஓட்டு, டியூபைப் பொறுத்தவரை, 60-க்கே. வரி குறைந்தால் கண் சகித்துக்கொள்ளும், துடிப்பைச் சகிக்காது.

அப்புறம் அந்த 59.94. அமெரிக்கக் கறுப்பு வெள்ளை டிவியில் சரியாக 60 தான் இருந்தது. 1953-ல் வண்ணத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, வண்ணத்தைச் சுமக்கும் துணை அலையும் 4.5 மெகாஹெர்ட்ஸில் இருந்த ஒலி அலையும் உரசிப் படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் ஆபத்து வந்தது. ஒலி அலையை நகர்த்தினால் வீட்டுக்கு வீடு இருந்த பழைய பெட்டிகள் திணறலாம். எனவே 4.5 மெகாஹெர்ட்ஸை 286-ஆல் வகுத்து அதையே புதிய வரி வேகமாக வைத்தார்கள்: 15,734.27. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாமே 1,000-க்கு 1,001 என்ற விகிதத்தில் கீழிறங்கின. 60 போய் 59.94, 30 போய் 29.97. ஒரு மணி நேரத்துக்கு 108 ஃபிரேம், அதாவது 3.6 வினாடி, கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. இதைச் சமாளிக்கத்தான் டிராப் ஃபிரேம் டைம்கோடு (டைம்கோடு என்பது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் போடும் நேர எண்): ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டிவிடும், பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டாது. தாண்டுவது எண்ணை மட்டுமே, படம் எதுவும் போகாது. இதைப் புரிந்துகொள்ளாமல் "ஃபிரேம் காணோம்" என்று தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வண்ணம் போனால், படம் உருண்டால், சத்தம் இல்லாவிட்டால்

பழைய வீசிஆர், கேம் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி.

என்டிஎஸ்சி-யில் சாயலைத் தீர்மானிப்பது 3.579545 மெகாஹெர்ட்ஸ் துணை அலையின் கட்டம், அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. வழியில் கட்டம் பிசகினால் முகம் பச்சையாகும். அதற்காகவே அந்தப் பெட்டிகளில் 'டிண்ட்' என்று ஒரு குமிழ். டெலிஃபுங்கென் நிறுவனத்தின் வால்டர் புரூக் உருவாக்கிய பால் முறையில், இரண்டு வண்ணக் கூறுகளில் ஒன்றின் கட்டத்தை வரிக்கு வரி திருப்பிப் போடுவார்கள். ஒரு வரியில் பச்சைப் பக்கம் பிசகினால் அடுத்த வரியில் எதிர்ப்பக்கம் பிசகும். 64 மைக்ரோவினாடித் தாமதச் சுற்றில் இரண்டையும் சேர்த்தால் சாயல் சரியாகிவிடும், நிறத்தின் அடர்த்தி மட்டும் கொஞ்சம் குறையும். பிரான்ஸின் சீக்காம் வண்ணத்தைப் பண்பலையாக, ஒரு வரிக்கு ஒரு கூறாக அனுப்பியது. அதை ஸ்டுடியோவில் கலப்பது பெரும் தொல்லை என்பதோடு அதை விட்டுவிடலாம்.

இப்போது அறிகுறிகள். படம் நிலையாக நிற்கிறது, ஆனால் கறுப்பு வெள்ளை: ஃபீல்டு வேகம் சரி, வண்ண முறைதான் தவறு. படம் செங்குத்தாக உருள்கிறது: ஃபீல்டு வேகமே தவறு. உருளாமல் நிற்கிறது, ஆனால் உயரம் குறைந்து மேலும் கீழும் கறுப்பு: 50 பெட்டி 60 சிக்னலைப் பிடித்துக்கொண்டது, ஆனால் அதற்கேற்ப உயரத்தைச் சரிசெய்யவில்லை. வரி வேகம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் படம் பக்கவாட்டில் கிழிவது அரிது. தகராறு எப்போதும் செங்குத்தில்தான். படமும் வண்ணமும் அருமை, சத்தம் மட்டும் இல்லை: இது ஆன்டெனா வழியாக மட்டும் வரும் கோளாறு. பால் நாடுகளுக்குள்ளேயே ஒலி அலை பி/ஜி முறையில் 5.5 மெகாஹெர்ட்ஸ், ஐ முறையில் 6.0, டி/கே முறையில் 6.5. ஒரு பால் நாட்டுப் பெட்டி இன்னொரு பால் நாட்டில் ஊமையாகிவிடுவது இதனால்தான். வீடியோ, ஆடியோ என்று தனித்தனி வயரில் கொடுத்தால் பேசும்.

"பால் என்றால் 50" என்பதும் முழு உண்மை இல்லை. பிரேசிலின் பால்-எம் 525 வரி, 60 ஃபீல்டு. அர்ஜென்டினாவின் பால்-என் 625/50 தான், ஆனால் துணை அலை 3.58 மெகாஹெர்ட்ஸ் அருகில். பல வீசிஆர்கள் என்டிஎஸ்சி கேசட்டைப் 'பால் 60' என்ற கலப்பாக வெளியே தள்ளின: 60 ஃபீல்டு, 4.43 மெகாஹெர்ட்ஸ் பால் வண்ணம். கம்ப்யூட்டரில் வீடியோவைப் பதியும் கேப்சர் கார்டு இதைப் பார்த்துக் கறுப்பு வெள்ளையாகப் பதிவு செய்தால், அதன் அமைப்பில் 'பால் 60' இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கன்சோலில் ஆர்ஜிபி வெளியீடு (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) இருந்தால் இந்த வண்ணத் தகராறே கிடையாது. பெட்டி 60-ஐப் பிடிக்குமா என்பது மட்டும்தான் கேள்வி.

தட்டலை எண்ணினால் காரணம் தெரியும்

அனலாக் போனதோடு பாலும் என்டிஎஸ்சி-யும் போய்விட்டன. ஹெச்டிஎம்ஐ வயரில் இரண்டும் கிடையாது. ஆனால் 50-ம் 59.94-ம் அப்படியே இருக்கின்றன. 1080பி-க்கு 50, 60 இரண்டிலும் பிக்சல் கிளாக் (புள்ளிகளை அனுப்பும் வேகம்) ஒன்றே, 148.5 மெகாஹெர்ட்ஸ். 60-க்கு ஒரு வரி 2,200 துடிப்பு, 50-க்கு 2,640. கண்ணுக்குத் தெரியாத ஓரப்பகுதியை நீட்டி வேகத்தைக் குறைக்கிறார்கள், அவ்வளவே.

இன்று வீட்டு டிவியில் வரும் படத்தின் தடுமாற்றம் பெரும்பாலும் இங்கிருந்துதான். ஸ்ட்ரீமிங்கில் வரும் திரைப்படம் 23.976, ஐரோப்பிய நிகழ்ச்சி 25 அல்லது 50, அமெரிக்க நேரலை 59.94. டிவியோடு இணைத்த ஸ்ட்ரீமிங் பெட்டியோ ஒரே வேகத்தில், பெரும்பாலும் 60-ல், பூட்டிக் கிடக்கிறது. கணக்கு ஒத்துப்போகாமல் ஒரு ஃபிரேம் கூடுதல் நேரம் நின்று படம் விக்குவதைத்தான் தட்டல் என்கிறேன். வேகத்துக்கு வேகம் அதன் தாளம் மாறும். அதை எண்ணினாலே நோய் தெரிந்துவிடும்.

50 படம் 60 வெளியீட்டில்: ஐந்தில் ஒரு ஃபிரேம் இரட்டிப்பாகும், வினாடிக்கு 10 தட்டல். செய்திச் சேனலின் கீழே ஓடும் வரி அதிர்வதுபோல் இருக்கும். 25 படம் 60-ல்: ஃபிரேம்கள் 2, 2, 3, 2, 3 முறை என்று காட்டப்படும், அதே குடும்பம், இன்னும் முரடு. 24 படம் 60-ல்: 2, 3, 2, 3. ஒரு ஃபிரேம் 33 மில்லிவினாடி, அடுத்தது 50; நொண்டி நடப்பதுபோல் இருக்கும், ஆனால் 60 நாடுகளில் தலைமுறைகளாகப் பழகிப்போனது. 24 படம் 50-ல்: எல்லாம் இரண்டிரண்டு முறை, வினாடிக்கு இரண்டு ஃபிரேம் மட்டும் மூன்று முறை. வினாடிக்கு இரண்டு விக்கல். என் கண்ணுக்கு இதுதான் இருப்பதிலேயே மோசம். 23.976 படம் சரியான 24-ல்: சுமார் 42 வினாடிக்கு ஒரே ஒரு தட்டல். 59.94 படம் சரியான 60-ல்: சுமார் 17 வினாடிக்கு ஒன்று. கடைசி இரண்டும் "எப்போதாவது ஒருமுறை குதிக்கிறது, நெட் கோளாறோ" என்று தவறாகக் கண்டுபிடிக்கப்படுபவை.

50 நாடுகள் இந்த விக்கலைத் தவிர்க்கப் பழைய குறுக்குவழி ஒன்று வைத்திருந்தன: 24-ஐ 25-ஆக ஓட்டிவிடுவது. இரண்டு மணி நேரப் படம் 115 நிமிடம் 12 வினாடியில் முடிந்துவிடும். ஒலியைச் சரிசெய்யாவிட்டால் சுருதி சுமார் 0.7 அரைச்சுரம் ஏறும். பாட்டுக் கேட்டுப் பழகிய காது கண்டுபிடித்துவிடும். ஒரே படத்தின் இரண்டு டிவிடி-களில் ஓடும் நேரம் வேறாக இருந்தால் "வெட்டிவிட்டார்கள்" என்று சொல்லும் முன் நீண்ட நேரத்தைக் குறைந்த நேரத்தால் வகுத்து, 25/24 வருகிறதா என்று பாருங்கள்.

சரிசெய்வது இப்படி. பெட்டியின் டிஸ்ப்ளே அமைப்பில் 'மேட்ச் ஃபிரேம் ரேட்' அல்லது அதுபோன்ற பெயரில் ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். வேகம் மாறும்போது ஓரிரு வினாடி திரை கறுத்து வரும், அது கோளாறு இல்லை. அந்த அமைப்பு இல்லையென்றால், அதிகம் பார்ப்பது 25/50 ஒளிபரப்பு என்றால் வெளியீட்டைக் கையால் 50-க்கு மாற்றுங்கள். 120 ஹெர்ட்ஸ் பேனல் வாங்கினால் எல்லாம் தீரும் என்பது பாதி உண்மை: 24, 30, 60 மூன்றும் 120-ஐ மிச்சமின்றி வகுக்கும், 25 வகுக்காது. நல்ல டிவி 50 சிக்னல் வந்ததும் பேனலை 100-க்கு மாற்றிக்கொள்ளும். ஆனால் பெட்டி 50-ஐ 60-ஆக்கி அனுப்பிவிட்டால் டிவிக்கு அது தெரிய வழியில்லை. 60 நாடுகளுக்கென்று செய்த சில மாடல்கள் 50 சிக்னலை ஏற்காமல் 'சிக்னல் இல்லை' என்று சொல்லிவிடும்; வேறு நாட்டிலிருந்து டிவி கொண்டுவருகிறவர்கள் இதை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

(24, 25, 30 மூன்றும் வகுக்கும் முதல் எண் 600. பிளாஸ்மா விளம்பரங்களில் வந்த 600 ஹெர்ட்ஸ் அது இல்லை. அங்கே ஒரு ஃபிரேமைப் பத்துப் பன்னிரண்டு குட்டித் துடிப்புகளாகப் பிரிப்பார்கள். 60-ஐப் பத்தால் பெருக்கி வந்த எண் அது.)

எல்சிடி-யும் ஓஎல்இடி-யும் சிமிட்டுவது வேறு வகை

எல்சிடி-யில் படம் அடுத்த ஃபிரேம் வரும்வரை அப்படியே நிற்கும். அணைவதே இல்லை. எனவே 50-ம் 60-ம் சிமிட்டல் விஷயத்தில் ஒன்றுதான். துடிப்பது பின்னால் இருக்கும் பேக்லைட். வெளிச்சத்தைக் குறைக்க, பல டிவிகளில் எல்இடி-யை மங்கலாக்காமல் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து எரிக்கிறார்கள், இதுதான் பிடபிள்யூஎம். முழு பிரைட்னஸில் எல்இடி அணையாமலே எரியும், துடிப்பு இருக்காது. பாதியில் வைத்தால் பாதி நேரம் அணைந்திருக்கும். "ராத்திரி வெளிச்சத்தைக் குறைத்தால்தான் கண் வலிக்கிறது" என்று சொல்கிறவர்கள் கற்பனை செய்யவில்லை. பேக்லைட்டை உயர்த்தி வைத்துக் கான்ட்ராஸ்டைக் குறைத்துப் பாருங்கள். படம் கொஞ்சம் சப்பென்று ஆகும், துடிப்பு போகும்.

எவ்வளவு துடிப்பு பாதுகாப்பானது? ஐஇஇஇ 1789 என்ற 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை எல்இடி விளக்குகளுக்கானது என்றாலும் கைக்கணக்குக்கு உதவும். 90 ஹெர்ட்ஸுக்கு மேல், அதிர்வெண்ணை 0.08-ஆல் பெருக்கினால் வரும் சதவீதத்துக்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் ஆபத்து குறைவு. 100 ஹெர்ட்ஸில் 8 சதவீதம். 240 ஹெர்ட்ஸில் சுமார் 19. 1,250 ஹெர்ட்ஸைத் தாண்டினால் முழுதாக அணைந்து எரிந்தாலும் பரவாயில்லை. 240 ஹெர்ட்ஸில் முழுதாக அணையும் பேக்லைட் இந்தக் கணக்கில் படுதோல்வி.

சிமிட்டாமல் இருப்பதற்கும் விலை உண்டு. கண் நகரும் பொருளைத் தொடரும்போது படம் நின்றால், விழித்திரையில் இழுபடும். வினாடிக்கு 960 பிக்சல் நகரும் எழுத்து 60 ஹெர்ட்ஸ் எல்சிடி-யில் 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும். ஃபிரேமில் கால்வாசி நேரம் மட்டும் ஒளிரவிட்டால் மங்கல் 4 பிக்சலாகும், கூடவே பழைய டியூபின் சிமிட்டலும் வந்துவிடும். கறுப்பு ஃபிரேம் செருகும் வசதி இதுதான். ஒரே ஃபிரேமுக்கு இரண்டு முறை ஒளிர்ந்தால் சிமிட்டல் மறையும், ஆனால் எழுத்தின் ஓரம் இரட்டையாகத் தெரியும். 60 படத்தை 120-ல் துடிக்கும் பேக்லைட்டில் பார்த்தாலும் இதே இரட்டை ஓரம்தான். முன்பு ஒவ்வொரு ஃபீல்டையும் இருமுறை காட்டிய 100 ஹெர்ட்ஸ் டியூப் டிவிகளிலும் இதே கதிதான்.

ஓஎல்இடி டிவியில் பேக்லைட் இல்லை. ஒவ்வொரு ரிஃப்ரெஷுக்கும் வெளிச்சம் ஒரு சின்ன சரிவு சரிந்து எழும், பெரும்பாலோர் உணர மாட்டார்கள். கேம் விளையாடும்போது இருண்ட சாம்பல் பகுதிகள் மட்டும் படபடத்தால் அது விஆர்ஆர் (திரையின் வேகத்தைக் கேமின் ஃபிரேம் வேகத்துக்கேற்ப மாற்றும் வசதி) செய்வது: ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும்போது இருண்ட நிறங்களின் அளவும் கூடவே மாறுகிறது. விஆர்ஆர்-ஐ அணையுங்கள், அல்லது கேமின் ஃபிரேம் வேகத்தைத் தடையின்றி எட்டக்கூடிய ஓர் எண்ணில் பூட்டுங்கள்.

அளந்து பார்க்க

முதலில் பென்சில் சோதனை. அறையை இருட்டாக்கி, திரையில் முழு வெள்ளை வைத்து, முன்னால் பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாக விசிறிபோல் தெரிந்தால் துடிப்பு இருக்கிறது. கை வினாடிக்கு சுமார் 2 மீட்டர் போகிறது, பென்சில்களுக்கு இடையே 1 செண்டிமீட்டர் என்றால் துடிப்பு 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில். பிரைட்னஸ் 100, 50, 20 என்று மூன்று நிலைகளில் செய்யுங்கள். செல்போனில் பட்டை தெரிகிறதா என்று பார்ப்பது துடிப்பு உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். ஷட்டர் 1/4000-ல் இருந்தால் தீங்கற்ற துடிப்பும் பூதமாகத் தெரியும்.

சரியான அளவு வேண்டுமென்றால் ஒரு பிபிடபிள்யூ34 போட்டோடயோடு, 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஆசிலோஸ்கோப் (மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி). டயோடின் கேத்தோடு பேட்டரியின் பிளஸுக்கு. ஆனோடிலிருந்து ரெசிஸ்டர் வழியாக மைனஸுக்கு. புரோபை ரெசிஸ்டரின் குறுக்கே. டயோடைத் திரையோடு ஒட்டிப் பிடித்து, அறை விளக்கை அணைத்து, ஸ்கோப்பை டிசி கப்ளிங்கில் வையுங்கள். ஏசி-யில் வைத்தால் அடிமட்டம் தொலைந்துபோய்ச் சதவீதம் போட முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான். டயோடைக் கையால் மூடிப் பூஜ்யத்தைக் குறித்துக்கொண்டு, உச்சத்தையும் பள்ளத்தையும் படியுங்கள். உச்சம் கழித்தல் பள்ளம், வகுத்தல் இரண்டின் கூட்டல், பெருக்கல் 100. முதலில் ஸ்கோப் திரையின் ஒரு கட்டத்துக்கு 5 மில்லிவினாடி, பிறகு 0.5 மில்லிவினாடி, மெதுவான சரிவும் வேகமான பிடபிள்யூஎம்-மும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கலாம்.

கேமராவில் பிடிக்கும்போது

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் சாதாரண விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும், 60-ல் 120. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் முழுத் துடிப்புகள் அடங்கினால் சிமிட்டல் தெரியாது. 50 நாட்டில் 1/50, 1/100. 60 நாட்டில் 1/60, 1/120. 30 ஃபிரேமில்தான் எடுத்தாக வேண்டும் என்றாலும் 50 நாட்டில் 1/50 வைத்தால் போதும். ஃபிரேம் வேகத்தை மாற்ற வேண்டியதில்லை. 24 ஃபிரேமில் ஷட்டரைக் கோணத்தில் வைக்கிறவர்களுக்கு 50 நாட்டில் 172.8 டிகிரி, 60 நாட்டில் 144. வழக்கமான 180 டிகிரி என்பது 1/48. 120 துடிப்பு விளக்கில் அது இரண்டரைத் துடிப்பு, முழு எண்ணாக அடங்காது.

டியூப் டிவியையே படம் பிடிக்கும்போது பட்டையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் பட்டை என்றால் ஷட்டர் நேரம் போதவில்லை: 50 டியூபை 1/60-ல் எடுத்தால் 20 மில்லிவினாடியில் 3.3 விட்டுப்போகும், திரையின் ஆறில் ஒரு பங்கு இருண்ட பட்டையாகும். வெள்ளைப் பட்டை என்றால் நேரம் அதிகம்: 60 டியூபை 1/50-ல் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு இரண்டு முறை பதிவாகிப் பளிச்சென்று நிற்கும். ரோலிங் ஷட்டர் உள்ள, அதாவது படத்தை வரி வரியாகப் பதியும், கேமராக்களில் பட்டையின் அகலம் இதிலிருந்து கொஞ்சம் விலகும், நிறம் மாறாது. ஷட்டரைப் பின்னப்புள்ளியில் மாற்றும் 'கிளியர் ஸ்கேன்' அல்லது 'சிங்க்ரோ ஸ்கேன்' வசதி கேமராவில் இருந்தால், கறுப்பு தெரியும்போது அதிர்வெண்ணை இறக்குங்கள், வெள்ளை தெரியும்போது ஏற்றுங்கள். பட்டை ஒரு மயிரிழைக் கோடாகச் சுருங்கி மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.